மதுரை டு கவுகாத்தி: மூணேகால் மணி நேரப் பயணம் ஏன் ஒரு நாள் ஆகிறது?

மதுரையிலிருந்து கவுகாத்திக்கு வான்வழியில் நேர்க்கோடு போட்டால் சுமார் 2,300 கி.மீ. ஜெட் விமானம் மணிக்கு 800 கி.மீ. வேகத்தில் பறக்கும். ஏறி இறங்கும் நேரத்தையும் சேர்த்தால் மூணேகால் மணி நேரம். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் நேரடி விமானம்தான் இல்லை.

திண்டுக்கல் மாவட்டம் ஆத்தூரில் தங்கி நூற்பாலையில் வேலை பார்க்கும் அசாம் இளைஞருக்கு, 'அம்மாவுக்கு முடியலை' என்று போன் வருகிறது என வைத்துக்கொள்வோம். சின்னாளபட்டி தாண்டி, மதுரை விமான நிலையம் போய்ச் சேரவே ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். கவுன்ட்டரைப் பெரும்பாலும் ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுவார்கள்.

அடுத்து, எந்த ஊர் வழியாகப் போவது? இங்கேதான் வரைபடம் உதவும். சென்னை கிட்டத்தட்ட அந்த நேர்க்கோட்டிலேயே இருக்கிறது. அங்கே மாறினால் கூடுதல் தூரம் பெயருக்குத்தான். டெல்லி வழியாகப் போனால் மொத்தம் 3,540 கி.மீ.; அதாவது 1,240 கி.மீ. சுற்று. டிக்கெட் ஆப்களில் விலை குறைவு என்று முதலில் வந்து நிற்பது சில நேரம் இந்தச் சுற்றுவழிதான்.

தூரத்தைவிட நேரத்தைத் தின்பது நடுவில் காத்திருப்பது. அதைக் குறைக்க இரண்டு டிக்கெட்டைத் தனித்தனியாக எடுப்பவர்கள் உண்டு. முதல் விமானம் தாமதமானால் அடுத்ததற்கு யாரும் பொறுப்பில்லை, டிக்கெட் பணமும் போச்சு. ஒரே பி.என்.ஆர். என்றால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடச் சொல்லிக் கேட்கலாம்.