ஒரு சவரனுக்கு எட்டு டன்: நந்திதுர்க் மேட்டைக் கரைத்தால் மண் எங்கே போகும்?

பிப்ரவரி 28 நெருங்கினால் கோலார் தங்கவயலிலிருந்து கடிதங்கள் வரத் தொடங்கிவிடும். 2001-இல் அந்த நாளில்தான் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் கதவைச் சாத்தியது. இந்த முறை வந்த கடிதங்களில் பலவும் சுரங்கத்தை விட்டுவிட்டு மேட்டைப் பற்றிக் கேட்கின்றன. நந்திதுர்க் மலையை விற்றுவிட்டார்களா? மேலே வளர்ந்த மரங்களை வெட்டுவார்களா? ஆட்சேபணை சொல்ல ஏதோ கெடு உண்டாமே, அது எப்போது?

முதலில் ஒரு பெயர்க் குழப்பம். டிப்பு கோட்டை இருக்கிற நந்தி மலை சிக்கபள்ளாபூர் மாவட்டத்தில் இருக்கிறது. அந்தக் கோட்டையின் பெயரை ஆங்கிலேயர் எழுதியபடியே தங்கவயலின் சுரங்கம் ஒன்றும் வாங்கிக்கொண்டது. நாம் பேசுவது சுரங்கத்தின் பக்கத்தில் ஊருக்கு நடுவே நிற்கும் சயனைடு மேட்டை. இதை மனிதர்கள் எழுப்பினார்கள். வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்தவர்கள் பாறையை வெட்டி மேலே ஏற்ற, ஆலை அதை மாவாக அரைத்து, சயனைடு கலந்து தங்கத்தை எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கொட்டியது. ஒரு நூற்றாண்டுக்கு மேல் கொட்டியதுதான் இன்று மலையாகத் தெரிகிறது.

அதன் சரிவில் நின்று ஒரு பிடி மண்ணை அள்ளினால் அது மண் மாதிரியே இருக்காது. சலித்த கோதுமை மாவுபோல விரலிடுக்கில் வழியும். மழைக்குப் பிறகு மேலே ஒரு தோல் காய்ந்து இறுகுகிறது. ஆட்டின் குளம்பு பட்டாலும் பைக் சக்கரம் ஏறினாலும் அந்தத் தோல் உடையும். ஆடிக் காற்றில் மாவு கிளம்பிவிடும். தொழிலாளர் லைன் வீடுகளில் கொடியில் காயும் துணியை அள்ளிக்கொண்டு ஓடுவதும், தண்ணீர்க் குடத்தைத் துணி போட்டு மூடுவதும் அங்கே அன்றாட வேலை. மழை அரித்த ஓடைகளில் துரு நிறத்தில் கோடுகள் இறங்கியிருக்கும். அது என்ன என்று பின்னால் சொல்கிறேன்.

மரங்களைப் பற்றி. இந்த மாவில் மக்கு இல்லை, தழைச்சத்து இல்லை, உப்பு உண்டு. ஆகவே புல்லும் முள்புதரும் ஆங்காங்கே திட்டுத் திட்டாகப் பிடித்திருக்கின்றன. அதைக் காடு என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆனால் அந்தப் பச்சை இருக்கும் இடத்தில் தூசி குறைகிறது. அது ஊருக்குப் பெரிய உபகாரம். ஆஸ்திரேலியாவின் கிட்ஸ்டன் தங்கச் சுரங்கத்தில் இதே மாதிரிக் கழிவைப் பிடித்து நிறுத்த நட்டுப் பார்த்தது நம் வெட்டிவேரைத்தான்.

இப்போது விஷயத்துக்கு வருவோம். 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை தங்கவயலின் 13 மேடுகளில், சுமார் 1,003 ஏக்கரில், தங்கம் எடுக்கும் மத்திய அரசின் யோசனைக்கு ஒப்புதல் தந்தது. மேடுகளில் உள்ள கழிவு சுமார் 3.3 கோடி டன். அரசுத் தாளில் இதற்கு ‘மேற்பரப்புச் சுரங்கம்’ என்று பெயர். இந்தப் பெயரைக் கேட்டால் மேடு போய்விடும், ஊர் சுத்தமாகும் என்ற எண்ணம் வருகிறது. கடிதங்களிலும் அந்த நம்பிக்கை இருக்கிறது. கணக்கு வேறு மாதிரிச் சொல்கிறது.

வேலை நடக்கும் விதம் உண்மையிலேயே கெட்டிக்காரத்தனமானது. மேட்டைத் தண்ணீர் பீய்ச்சிக் கரைத்துக் குழம்பாக்கிக் குழாயில் ஆலைக்கு அனுப்பலாம். ஜோகன்னஸ்பர்க்கில் திறந்தவெளி சினிமா நடந்த டாப் ஸ்டார் மேடுகூட மறுபடி பதப்படுத்தப்பட்டு மறைந்தது. குழம்பில் சுண்ணாம்பும் சயனைடும் சேர்ப்பார்கள். சுண்ணாம்பு இல்லாவிட்டால் சயனைடு நச்சுக்காற்றாகக் கிளம்பிவிடும். காற்றை ஊதினால் தங்கம் கரைகிறது. 1887-இல் கிளாஸ்கோவில் காப்புரிமை பெற்ற அதே வித்தை. அதன்பின் கொட்டாங்குச்சிக் கரியைப் போடுகிறார்கள். கரைந்த தங்கம் தேடிப்போய்க் கரியில் ஒட்டிக்கொள்கிறது. சல்லடையில் கரியைப் பிரித்து, அதிலிருந்து தங்கத்தைக் கழற்றி எடுப்பார்கள். தேங்காய் ஓட்டுக்குள் இவ்வளவு சாமர்த்தியம் இருப்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

கரி போனபின் மிச்சம் இருப்பதுதான் கவலை. ஒரு டன் மண்ணில் ஒரு கிராம் தங்கம் என்றே தாராளமாக வைத்துக்கொள்வோம். ஒரு டன் என்பது 10 லட்சம் கிராம். 9,99,999 கிராம் திரும்பி வருகிறது. கழுத்துக்கு ஒரு சவரன் சங்கிலி வேண்டுமென்றால் எட்டு டன் மண்ணைக் கரைக்க வேண்டும். எட்டு டன்னும் மறுபடி எங்காவது போய்க் கிடக்க வேண்டும். ஆக, இந்தத் திட்டத்தில் மேடு காணாமல் போவதில்லை, இடம் மாறுகிறது.

இன்னொன்று. முதல் முறை தப்பிய தங்கத்தில் ஒரு பகுதி கந்தகமும் ஆர்சனிக்கும் கலந்த தாதுத் துணுக்குகளுக்குள் பூட்டிக் கிடக்கிறது. அதை விடுவிக்க இன்னும் நைசாக அரைக்க வேண்டும். அரைத்தால் தாதுவின் புதுப் பரப்புகள் திறக்கும். தண்ணீரும் காற்றும் பட்ட கந்தகத் தாது கந்தக அமிலமாகி, இரும்பையும் ஆர்சனிக்கையும் இழுத்துக்கொண்டு இறங்கும். சரிவில் பார்த்த துருக் கோடுகள் இந்த வேலையின் தடயம். புதிய கழிவை அடியில் விரிப்புப் போட்ட, கரை கட்டிய குட்டையில் அடைத்தால் ஊருக்கு நன்மை. அரைகுறையாகச் செய்தால் பழைய மேடே மேல்.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. ருமேனியாவின் பயா மாரே நகரில் ஓர் ஆலை இப்படி ஒரு வாக்குறுதியோடு தொடங்கியது: ஊரை ஒட்டிய பழைய கழிவு மேட்டைக் கரைத்துத் தங்கம் எடுப்போம், மிச்சத்தை ஊருக்கு வெளியே புதுக் குட்டையில் அடைப்போம். 2000 ஜனவரி 30 அன்று அந்தக் குட்டையின் கரை உடைந்தது. சுமார் ஒரு லட்சம் கன மீட்டர் சயனைடு நீர் ஆறுகள் வழியே டான்யூப் வரை போனது. ஹங்கேரியில் மட்டும் ஆயிரம் டன்னுக்கு மேல் மீன் செத்தது.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக.

மேட்டில் இன்னும் சயனைடு இருக்கிறதா? வெயிலும் காற்றும் அதில் பெரும்பகுதியைச் சிதைத்திருக்கும், ஆர்சனிக் சிதையாது.

தூசி கெடுதலா? ஆம். அரைத்த கல்லின் தூசி நுரையீரலில் தங்கும். 1940-களில் தங்கவயலில் நடந்த பரிசோதனையில் தொழிலாளர்களில் நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் சிலிக்கோசிஸ் என்ற நுரையீரல் நோய் இருந்தது.

சினிமாப் படம் எடுத்த இடம் என்று மேட்டில் ஏறிப் பார்க்கலாமா? வேண்டாம், தோல் உடையும்.

மூடிய சுரங்கம் திறக்குமா? மேட்டுக்கும் கீழே இருக்கிற சுரங்கத்துக்கும் சம்பந்தமில்லை.

வேலை? பெரும்பாலும் இயந்திரத்துக்குத்தான்.

கடைசியாக அந்தக் கெடு. 2006-இன் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி இத்தகைய கனிமத் திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் உண்டு. மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாளிதழில் விளம்பரம் தந்து குறைந்தது 30 நாள் அவகாசம் தர வேண்டும். தாக்க மதிப்பீட்டு அறிக்கையின் சுருக்கம் ஆங்கிலத்திலும் வட்டார மொழியிலும், அதாவது கன்னடத்திலும், மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலும் நகராட்சியிலும் கிடைக்கும். தமிழில் கிடைக்காது. தெருவில் கன்னடம் படிக்கும் பிள்ளை ஒன்றை உட்காரவைத்துச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். கழிவுக் குட்டை எங்கே, கரை எவ்வளவு உயரம், அடியில் என்ன விரிப்பு, ஆலை மூடியபின் அதைப் பார்த்துக்கொள்வது யார் என்ற நான்கையும் தேடுங்கள். இல்லாததைத் தமிழிலேயே எழுதிக் கூட்டத்துக்கு முன்பாகக் கொடுத்து, வாங்கியதற்குக் கையெழுத்துப் பெற்றுக்கொள்ளுங்கள்.