ஆர்.சி. முடிஞ்ச காரை விக்கலாமா?

நிறைய வீடுகள்ல ஒரு பழைய கார் நிற்கும். மேல கவர், டயர்ல காத்து இல்லை, பேட்டரி எப்பவோ போயிருக்கும். கடைசியா இன்சூரன்ஸ் கட்டினது எந்த வருஷம்னு அப்பாவுக்கே ஞாபகம் இருக்காது. ஒருநாள் ஒரு புரோக்கர் வந்து, "அப்படியே எடுத்துக்கறேன் சார். பேப்பரை நான் பார்த்துக்கறேன், இந்த ஃபார்ம்ல மட்டும் கையெழுத்துப் போடுங்க"ன்னு சொல்வார். இடம் காலியாகுது, கையில காசும் வருதுன்னு வீட்டுல எல்லாருக்கும் சந்தோஷம். ஆனா கார் வாசலைத் தாண்டினதும் பொறுப்பும் கூடவே போயிடுதா? அதுதான் கேள்வி.

உரிமையாளர் யார்?

1988 மோட்டார் வாகனச் சட்டத்தைப் பொறுத்தவரை, ஆர்.சி.யில யார் பேர் இருக்கோ அவர்தான் உரிமையாளர். காசு கைமாறினதோ சாவி கைமாறினதோ கணக்கில்லை. நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கு இதுக்கு நல்ல உதாரணம். 2007ல வித்த ஒரு கார், பேர் மாத்தாமலே பல கை மாறிப் போச்சு. 2009ல அது விபத்துல சிக்கி ஒரு உயிர் போச்சு. நஷ்ட ஈட்டுக்குப் பொறுப்பு, ஆர்.சி.யில பேர் இருந்த முதல் உரிமையாளருக்குத்தான்னு 2018ல உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. இன்சூரன்ஸும் இல்லாத காரா இருந்தா, அந்தத் தொகை சொந்தக் கையிலிருந்துதான் போகணும். வெத்து ஃபார்ம்ல கையெழுத்துப் போட்டுக் கொடுக்குறது ஏன் ஆபத்துன்னு இப்போ புரியும்.

எதெல்லாம் முடிஞ்சிருக்கு?

சொந்த உபயோகக் காரோட பதிவு 15 வருஷம் செல்லும். அதுக்கப்புறம் எஃப்.சி. காட்டி, 5 வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கணும். இன்சூரன்ஸ்ல குறைஞ்சபட்சம் தேர்ட் பார்ட்டி கட்டாயம். அது இல்லாம ஓட்டினா முதல் தடவை 2,000 ரூபாய் அபராதம், அடுத்த தடவை 4,000. சிறைத் தண்டனைக்கும் சட்டத்துல இடம் இருக்கு. பதிவு முடிஞ்ச காரை ரோட்டுல எடுத்தா 5,000 வரை தனி அபராதம். அதனால "ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்க்கறேன்"னு வாங்க வர்றவர் கேட்டா, சாவியைக் கொடுக்காதீங்க.

வரிசை முக்கியம்

ஒரு பேப்பர் இருந்தாதான் அடுத்த பேப்பர் நகரும். அதனால இந்த வரிசையில போங்க:

1. மெக்கானிக்கை வீட்டுக்கு வரவழைச்சு வண்டியை ஓடுற நிலைமைக்குக் கொண்டு வரணும். பிரேக், லைட், ஹாரன், டயர் எல்லாம் எஃப்.சி.க்கு முக்கியம்.
2. தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் போடணும். முழு இன்சூரன்ஸ் வேணும்னா, இடையில விட்டுப் போனதால கம்பெனி வண்டியைப் பார்த்துட்டுத்தான் கொடுக்கும்.
3. புகைச் சான்றிதழ் வாங்கணும்.
4. பரிவாகன் தளத்துல படிவம் 25 போட்டு, பசுமை வரி, நிலுவை இ-சலான் எல்லாம் கட்டி, பிரேக் இன்ஸ்பெக்டர்கிட்ட வண்டியைக் காட்டணும். ஓட்டிட்டுப் போறதை விட டோ வண்டியில ஏத்திட்டுப் போறது நல்லது.
5. லோன்ல வாங்கின கார்னா, லோன் முடிஞ்சிருந்தாலும் ஆர்.சி.யில பேங்க் பேர் இருக்கலாம். பேங்க்ல என்.ஓ.சி. வாங்கி, படிவம் 35 கொடுத்து நீக்கணும்.
6. கடைசியா படிவம் 29, 30ல வாங்குறவர் பேர், தேதி எல்லாம் நிரப்பிக் கையெழுத்து. ஒரே மாநிலத்துக்குள்ள வித்தா, விக்கிறவர் 14 நாளுக்குள்ள ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்கணும்.

செலவு எவ்வளவு?

2022 ஏப்ரல் முதல் கார் பதிவைப் புதுப்பிக்கக் கட்டணம் 5,000 ரூபாய். தாமதமான ஒவ்வொரு மாசத்துக்கும் கூடுதலா 500. பத்து மாசம் விட்டிருந்தா இதுக்கு மட்டும் 10,000 ஆகும். 20 வருஷம் தாண்டின கார்களுக்கு 2025ல அடிப்படைக் கட்டணத்தையே 10,000 ஆக்கிட்டாங்க. 1000 சி.சி. வரை உள்ள காருக்கு தேர்ட் பார்ட்டி பிரீமியம், 2022ல நிர்ணயிச்சபடி, 2,094 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும். இதோட மெக்கானிக் பில்லையும் கூட்டுங்க. மொத்தத்தையும் கார் போகிற விலையோட ஒப்பிட்டுப் பாருங்க. எல்லா பேப்பரும் சரியா இருக்குற காருக்கு நல்ல விலை கேட்க முடியும்.

கட்டுப்படி ஆகலையா?

ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, ஆர்.டி.ஓ. அங்கீகாரம் பெற்ற பழைய கார் டீலர். 2023 ஏப்ரல்ல வந்த விதிப்படி, படிவம் 29சி மூலமா வண்டியை ஒப்படைச்சதைத் தெரிவிச்சுட்டா, டீலர்தான் உரிமையாளரா கருதப்படுவார். பதிவைப் புதுப்பிக்கவும் அவரே விண்ணப்பிக்கலாம். அங்கீகாரச் சான்றிதழை மட்டும் கேட்டுப் பார்த்துடுங்க. முதல்ல சொன்ன புரோக்கருக்கும் இவருக்கும் வித்தியாசமே அந்தப் பேப்பர்தான்.

இன்னொண்ணு, பதிவு பெற்ற ஸ்கிராப் மையம். அங்க டெபாசிட் சான்றிதழ் கொடுப்பாங்க. புதுக் கார் வாங்கும்போது அதைக் காட்டினா பதிவுக் கட்டணம் கிடையாது. சாலை வரியிலயும் 25 சதவீதம் வரை சலுகை கொடுக்க மத்திய விதிகள்ல வழி இருக்கு. காயலான் கடைக்குப் போட்டா இரும்பு விலை கிடைக்கும், ஆனா ஆர்.சி. உங்க பேர்லயே உயிரோட இருக்கும். ஸ்கிராப் பண்ணினப்புறம் ஆர்.சி.யை ரத்து செய்யவும் மறக்காதீங்க.

எந்த வழியில போனாலும், வித்த தேதி, நேரம், வாங்கினவரோட அடையாள அட்டை நகல், டெலிவரி ரசீது எல்லாத்தையும் ஃபோட்டோ எடுத்து வச்சுக்கோங்க. சில வாரம் கழிச்சு பரிவாகன்ல வண்டி நம்பரைப் போட்டுப் பாருங்க. அங்க உங்க வீட்டுப் பேர் போயிருந்தாதான் கார் உண்மையிலயே வித்தாச்சுன்னு அர்த்தம்.