ஒரே பட்டறை, ஐந்து நடை

காலை ஐந்தரைக்குத் திருவொற்றியூர் தேரடி டீக்கடை வாசலில் ஐந்து ராயல் என்ஃபீல்டுகள் வரிசையாக நின்றன. டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் எட்டிப் பார்த்தார். "இன்னா சார், லடாக்கா?" என்றார். "இல்லண்ணே, பழவேற்காடு" என்றதும் அவர் முகம் விழுந்த விதத்தைப் பார்க்க வேண்டுமே! ஐம்பது கிலோமீட்டருக்குள் இருக்கிற ஊருக்கு இவ்வளவு இரும்பா என்று நினைத்திருப்பார்.

காரணம் இருந்தது. ஒரே கம்பெனி வண்டிகள்தானே, ஒன்றை ஓட்டினால் எல்லாவற்றையும் ஓட்டிய மாதிரிதானே என்று ஒரு நண்பர் கேட்டுவிட்டார். அவர் ஸ்கூட்டர்காரர், மன்னித்துவிடலாம். ஆனால் புல்லட் வைத்திருக்கிறவர்களிலேயே பாதிப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். எனவே நட்பு வட்டத்தில் கிடைத்ததைத் திரட்டினோம். 1980-களின் புல்லட் 350, புது கிளாசிக் 350, ஹண்டர் 350, ஹிமாலயன் 411, இன்டர்செப்டர் 650. முறை வைத்து மாற்றி மாற்றி ஓட்டுவது என்று ஏற்பாடு. மீஞ்சூர் வரை லாரி நெரிசல், பொன்னேரி தாண்டினால் கிராமத்துச் சாலை, பிறகு ஏரிமேல் பாலம், கடைசியில் கடற்கரை மணல். ஒரே காலையில் நான்கு பரீட்சை.

புறப்பட்ட இடமும் பொருத்தமானதுதான். இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டும் நம் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து 1955-ல் 'என்ஃபீல்டு இந்தியா'வைத் தொடங்கியபோது, தொழிற்சாலை எழுந்தது இதே திருவொற்றியூரில். எல்லைக் காவலுக்கு ராணுவம் புல்லட் கேட்டதுதான் ஆரம்பம். முதலில் ரெட்டிச்சிலிருந்து பாகங்கள் வந்து இறங்கும், இங்கே பூட்டுவார்கள். 1962-க்குள் எல்லாப் பாகங்களையும் இங்கேயே செய்யத் தொடங்கிவிட்டார்கள். 1970-ல் இங்கிலாந்துக் கம்பெனி கடையைக் கட்டியது. வடசென்னைப் பிள்ளை மட்டும் தாய்வீடு இல்லாமலே வளர்ந்தது. 1994-ல் ஐஷர் நிறுவனத்தின் கைக்குப் போனது. இப்போது பெரும்பாலான வண்டிகள் ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் உருவாகின்றன. ஆனாலும் வடசென்னைக்காரர்கள் "நம்ம வண்டி" என்று சொல்லும்போது அவர்கள் மனதில் இருப்பது திருவொற்றியூர்தான்.

முதல் முறை எனக்குப் பழைய புல்லட் வாய்த்தது. அதை ஸ்டார்ட் செய்வது ஒரு சடங்கு. சாவியைத் திருப்பி, கிக்கரை மெதுவாக மிதிக்க வேண்டும். ஓர் இடத்தில் கால் தட்டி நிற்கும். அங்கே இடது கைப் பக்கம் இருக்கிற டீகம்ப்ரஷன் லீவரைப் பிடித்துக்கொண்டு, ஆம்ப் மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை ஒரு சிறு அமுக்கு. லீவரை விட்டுக் கிக்கரை மேலே வரவிட்டு, பிறகுதான் முழு உதை. முள்ளைப் பார்க்காமல் அவசரப்பட்டால் கிக்கர் திருப்பி உதைக்கும். அந்தக் காலத்து வீடுகளில் கணுக்காலைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்த சித்தப்பாக்களைக் கேட்டால் சொல்வார்கள். எனக்கு மூன்றாவது உதையில் பிடித்தது. டீக்கடைக்காரர் கண்ணில் கொஞ்சம் மரியாதை திரும்பியது.

அந்த வண்டியில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். இன்றைய வண்டிகளுக்கு நேர் எதிர். தேரடி சிக்னலிலேயே கியர் மாற்ற நினைத்துப் பிரேக்கை மிதித்தேன். பின்னால் வந்த ஆட்டோக்காரர் சொன்னதை இங்கே எழுத முடியாது. டிரம் பிரேக்குக்கு முன்கூட்டியே மனுப் போட்டுவிட வேண்டும். உடனே உத்தரவு கிடைக்காது. ஆனால் நாலாவது கியரில் மணிக்கு 45 கிலோமீட்டர் வேகத்துக்கு வந்ததும் வண்டி வேறு ஆளாகிவிடுகிறது. பிஸ்டனின் குறுக்களவு 70 மில்லிமீட்டர், அது ஏறி இறங்கும் தூரம் 90. நீளமாக, நிதானமாக ஏறி இறங்குகிற எஞ்சின். அதோடு கனமான ஃப்ளைவீல். அதனால்தான் ஒவ்வொரு அடியும் தனித்தனியாகக் காதில் விழுகிறது, ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் விட்டாலும் வண்டி தன் போக்கில் உருண்டுகொண்டே இருக்கிறது. 45-ல் ஊரைப் பார்த்துக்கொண்டு போகலாம். 75-ல் கைப்பிடியும் ஃபுட்ரெஸ்ட்டும் பேச ஆரம்பிக்கும். அதற்குமேல் ஓட்டுகிறவர் வண்டியின் குணம் தெரியாதவர்.

மீஞ்சூருக்கு முன்னால் கிளாசிக்குக்கு மாறினேன். துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் இருபுறமும் சுவர் மாதிரி நகரும் பாதை. இங்கேதான் புது எஞ்சினின் அருமை தெரிகிறது. 2020-ல் மீட்டியாரோடு வந்த 349 சிசி எஞ்சின் இது. 2021-ல் கிளாசிக்குக்கும் வந்தது. உள்ளே அதிர்வை ஈடுகட்டும் பேலன்சர் ஷாஃப்ட் இருக்கிறது. முந்தைய கிளாசிக்கில் வேகம் கூடினால் கண்ணாடியில் பின்னால் வரும் லாரி நாலு லாரியாகத் தெரியும். இதில் ஒரே லாரிதான், நம்பர் பிளேட்டோடு. 20 குதிரை சக்திதான், பெரிதாகப் பீற்றிக்கொள்ள ஒன்றுமில்லை. ஆனால் 27 நியூட்டன் மீட்டர் இழுவை 4,000 சுற்றிலேயே முழுசாகக் கிடைத்துவிடுகிறது. லாரியைத் தாண்ட அடிக்கடி கியரைக் குறைக்க வேண்டியதில்லை. "அந்தத் துடிப்பு போச்சே!" என்று புலம்புகிற பழைய பக்தர்கள் இருக்கிறார்கள். அவர்களில் எத்தனை பேர் தினமும் மீஞ்சூர் வழியாக வேலைக்குப் போகிறார்கள் என்று கேட்க ஆசை.

பொன்னேரியில் இட்லி. அதற்குப் பிறகு ஹண்டர். எனக்கு ஆச்சரியம் கொடுத்தது இந்த வண்டிதான். கிளாசிக்கில் இருக்கிற அதே எஞ்சின், அதே சக்தி. ஒரே மாவில் இட்லியும் ஊற்றலாம், முறுகலாகத் தோசையும் வார்க்கலாம் இல்லையா, அந்தக் கதைதான். கிளாசிக் 195 கிலோ, ஹண்டர் 181. கிளாசிக்குக்கு முன்சக்கரம் 19 அங்குலம், பின்சக்கரம் 18. ஹண்டருக்கு இரண்டுமே 17. இரு சக்கரங்களுக்கு இடையிலான நீளம் 1,390-லிருந்து 1,370 மில்லிமீட்டராகக் குறைகிறது. காகிதத்தில் பார்த்தால் இருபது மில்லிமீட்டர், ஒரு கட்டைவிரல் அகலம். சாலையிலோ கிளாசிக் திரும்புவதற்கு முன் யோசிக்கிறது, ஹண்டர் நீங்கள் யோசிப்பதற்கு முன் திரும்பிவிடுகிறது. குறுக்கே ஓர் ஆட்டுக்குட்டி ஓடியபோது இடுப்பை அசைத்ததுதான் தெரியும், வண்டி விலகிவிட்டது. ஆனால் குண்டும் குழியுமான இடத்தில் சின்னச் சக்கரம் பள்ளத்துக்குள் விழுந்து எழுகிறது, பெரிய சக்கரம் மேலாகத் தாண்டிப் போகிறது. நாற்பது வயதைத் தாண்டிய முதுகு இந்தக் கணக்கை உடனே போட்டுவிடும்.

இன்டர்செப்டரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 648 சிசி, இரட்டை சிலிண்டர், 47 குதிரை சக்தி, ஆறு கியர். கையைத் திருகினால் தென்னை மரங்கள் பின்னால் பறக்கும். நெடுஞ்சாலைக்கு அருமையான வண்டி. பழவேற்காட்டுச் சாலையில் மூன்றாவது கியரைத் தாண்டவே இடமில்லை. கல்யாண அண்டாவில் ஒரு ஆளுக்குச் சோறு வடித்த மாதிரி இருந்தது.

பழவேற்காடு வந்தாயிற்று. நாட்டின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. பெரும்பகுதி ஆந்திராவில், தெற்கு நுனி நம்மிடம். டச்சுக்காரர்கள் 1613-ல் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டி இங்கிருந்து சோழமண்டலக் கடற்கரை வியாபாரத்தை ஆண்டார்கள். மிச்சமிருப்பது கல்லறைகளும், வாசலில் செதுக்கிய எலும்புக்கூடுகளும்தான். ஏரியில் எந்தக் குப்பத்துக்காரர் எந்த நாளில் எங்கே வலை கட்டலாம் என்று முறை பிரித்துக்கொள்கிற 'பாடு' வழக்கம் இங்கே தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. ஐந்து வண்டியை முறை வைத்து ஓட்டுவதற்கே வழியில் இரண்டு தடவை சண்டை போட்ட நாங்கள், அதைக் கேட்டுக் கொஞ்சம் வெட்கப்பட்டோம்.

பாலத்தருகே படகுகள் அணைந்திருந்தன. மடவையும் இறாலும் கூடை கூடையாக ஏலம் போய்க்கொண்டிருந்தன. பழைய புல்லட்டை நிறுத்தியதும் வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் தலை தூக்கினார். "டீசல் புல்லட்டா தம்பி? எங்க போட் எஞ்சின் கணக்கா கேட்டுது" என்றார்.

பெட்ரோல் வண்டிதான் அது. ஆனால் அவர் காது தப்பில்லை. என்ஃபீல்டு உண்மையிலேயே டீசல் மோட்டார் சைக்கிள் செய்தது. டாரஸ் என்ற அந்த வண்டிக்குள் இருந்தது 325 சிசி கிரீவ்ஸ் லம்பார்டினி எஞ்சின். சக்தி ஆறரைக் குதிரை. லிட்டருக்குக் கிடைத்த மைலேஜுக்காக வாங்கினார்கள், புகையையும் நடுக்கத்தையும் பொறுத்துக்கொண்டார்கள். நம் கடற்கரையில் நீள்வால் மாட்டிய ஃபைபர் படகுகளை ஓட்டியதும் அதே லம்பார்டினி குடும்பம்தான். சாலையில் புல்லட்டையும் கடலில் படகையும் ஒரே ரக எஞ்சின் தள்ளிய காலம் அது. பெரியவரிடம் சொன்னேன். "அதான பாத்தேன்!" என்று மறுபடி வலைக்குத் திரும்பிவிட்டார்.

பாலம் தாண்டி லைட்ஹவுஸ் குப்பம், அப்புறம் மணல். ஹிமாலயன் 411-க்கு இதுதான் மேடை. 21 அங்குல முன்சக்கரம், முன்னால் 200 மில்லிமீட்டர் ஏறி இறங்கும் சஸ்பென்ஷன். கிளாசிக்கில் அது 130. டயரில் கொஞ்சம் காற்றை இறக்கி, எழுந்து நின்று, எடையைப் பின்னால் தள்ளி, பார்வையைத் தூரத்தில் வைத்தால் முன்சக்கரம் பாம்பு மாதிரி நெளிந்தாலும் வண்டி போய்விடும். பயந்து ஆக்சிலேட்டரைக் குறைத்த கணத்தில் கீழே. நண்பர் நின்றுகொண்டே நூறு அடி போய்ச் சிரித்துக்கொண்டு திரும்பினார்.

அதைப் பார்த்து எனக்கும் ஆசை வந்தது. புத்தி வரவில்லை. கிளாசிக்கை மணலில் இறக்கினேன். பத்தடியில் பின்சக்கரம் அச்சுவரை புதைந்து, ஸ்டாண்டே தேவையில்லாமல் நிமிர்ந்து நின்றது. ஓடி வந்து கைகொடுத்த இளைஞர் கேட்டார்.

"இன்னா வெயிட்டு சார்?"

"நூத்தித் தொண்ணூத்தஞ்சு கிலோ."

"வண்டி மட்டுமேவா? எத்தினி பொட்டி ஏத்தலாம் இதுல?"

பதில் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. நாலு பேர் தள்ளி மேலே ஏற்றிக்கொண்டிருந்தபோது, ஈரத்தில் இறுகியிருந்த ஓரத்து மணலில் ஒரு டிவிஎஸ் எக்ஸ்எல் வந்தது. பின்னால் ஐஸ் பெட்டி, முன்னால் கால் வைக்கிற இடத்தில் ஒரு மீன் கூடை, ஹேண்டில்பாரில் இன்னொரு பை. எக்ஸ்எல் 100 மொத்தமே 86 கிலோ. கியர் கிடையாது, நாலு குதிரை சக்திக்குக் கொஞ்சம் மேல். நிற்காமல், எங்களைத் திரும்பிப் பார்க்கக்கூடச் செய்யாமல், குப்பத்துக்குள் போய்விட்டது. 1980-ல் ஓசூரிலிருந்து டிவிஎஸ் 50 வந்த நாளிலிருந்து மீன் வியாபாரிகளின் வண்டி எது என்பதில் பெரிய சர்ச்சை இல்லை.

கேள்வி கேட்ட ஸ்கூட்டர் நண்பருக்கு என் தீர்ப்பு இது. டேங்க்கில் பெயர் ஒன்றுதான், நடை ஐந்தும் வேறு. தினமும் ஊருக்குள் சுற்றுகிறவர் ஹண்டரை எடுக்கலாம். திருச்சி, மதுரை என்று நீளமாகப் போகிறவருக்கு இன்டர்செப்டர். சாலை முடிகிற இடத்தில் பயணம் ஆரம்பிக்கிறவருக்கு ஹிமாலயன். இந்தப் பழவேற்காட்டுப் பாதைக்கு, மணலைத் தவிர்த்துவிட்டுப் பார்த்தால், கிளாசிக். திரும்பும்போது எதை ஓட்டினாய் என்று கேட்டால், பழைய புல்லட்டைத்தான். வெயில் ஏறியிருந்தது, அவசரமில்லை, 45-ஐத் தாண்டவில்லை.

நீங்கள் போவதாக இருந்தால் காலை ஏலம் முடிவதற்குள் போய்ச் சேருங்கள், மீன் புதுசாகக் கிடைக்கும். வீடு திரும்பியதும் வண்டியை நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள். ஸ்போக் ரிம்மில் சேரும் இடத்தைத் தனியாகத் துடையுங்கள். உப்பு முதலில் பிடிப்பது அங்கேதான்.