லெனாட் செஷயர்: குண்டுவீச்சு விமானியின் இரு வாழ்க்கை

மாணவர்களே, நாகசாகி என்றதும் 1945 ஓகஸ்ட் 9 என்று எழுதிவிடுவீர்கள். அன்று அந்த வெடிப்பைத் தொலைவில் பறந்த விமானத்திலிருந்து பார்த்தவர்களுள், பிரித்தானியாவின் அவதானிப்பாளராகச் சென்ற லெனாட் செஷயரும் ஒருவர்.

1917இல் பிறந்து ஒக்ஸ்போட்டில் சட்டம் பயின்ற இவர், இரண்டாம் உலக மகா யுத்தத்தில் 100 தடவைகள் குண்டுவீச்சுக்குப் பறந்தார். இத்தனை தடவை பறந்தும் உயிர் தப்பியோர் மிகச் சிலரே. 1944 பெப்ரவரியில், பிரான்சின் லிமோஜ் நகரில் ஜேர்மனியருக்காக விமான இயந்திரங்கள் செய்த தொழிற்சாலையைத் தாக்கச் சென்றார். அங்கே இரவு வேலையில் இருந்தவர்கள் பிரெஞ்சுப் பெண்கள். குண்டு போட முன்னர், கூரைக்கு மேலாக மூன்று முறை தாழப் பறந்து எச்சரித்தார். அவர்கள் வெளியே ஓடினர். அவ்வளவு தாழப் பறப்பது விமானிக்கு எவ்வளவு ஆபத்து என்பதை யோசித்துப் பாருங்கள். அவ்வாண்டிலேயே விக்டோரியா சிலுவை கிடைத்தது. பொதுவாக ஒரு தனிச் செயலுக்கு வழங்கப்படும் அவ்விருது, இவருக்கு நான்கு வருடத் தொடர் துணிவுக்காக வழங்கப்பட்டது என்பதைக் கவனிக்க.

1946இல் விமானப்படையிலிருந்து விலகினார். 1948இல், புற்றுநோயால் இறக்கும் தறுவாயிலிருந்த, போக்கிடமற்ற ஒருவரைத் தமது வீட்டுக்கு அழைத்து வந்து தாமே பராமரித்தார். அவ்வீடே முதலாவது செஷயர் இல்லமாயிற்று. அங்கவீனர்களுக்கான இத்தகைய இல்லங்கள் பின்னர் இலங்கை உட்படப் பல நாடுகளில் உருவாயின. 1992இல் அவர் காலமானார்.

ஒரு தவறை மட்டும் தவிர்த்துக்கொள்ளுங்கள். "நாகசாகியைக் கண்டு மனம் வருந்தி அணுகுண்டைக் கண்டித்தார்" என்று எழுதத் தோன்றும். அழகான வசனம்தான், ஆனால் பிழை. அக்குண்டு யுத்தத்தை முடித்துப் பல உயிர்களைக் காத்தது என்றே அவர் பிற்காலத்திலும் வாதிட்டார்.