யாழ்நூல் இனி நம் எல்லோருக்கும்!

மட்டக்களப்பு வாவியை வைத்து டிஜிட்டல் அட்டை, வாட்ஸ்அப் ஸ்டிக்கர் என்று கூட்டாகச் செய்யத் துடிக்கிற பிள்ளைகளே, சட்டப் புத்தகத்தைப் புரட்டிவிட்டு ஓடி வருகிறேன். பழந்தமிழரின் யாழ் என்ற இசைக்கருவியை ஆராய்ந்து விபுலானந்த அடிகள் எழுதிய யாழ்நூலை அந்த அட்டைகளில் எடுத்தாள யாரிடமும் கேட்க வேண்டாம்!

கணக்கைப் பாருங்கள். இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச்சொத்துச் சட்டப்படி, ஆசிரியர் மறைந்து 70 ஆண்டு வரை பதிப்புரிமை நிற்கும். காரைதீவில் பிறந்த அடிகள், யாழ்நூல் அரங்கேறிய சில வாரங்களிலேயே, 1947 ஜூலை 19இல் மறைந்தார். எவ்வளவு இறுக்கிக் கணக்குப் போட்டாலும் 2017 டிசம்பர் 31ஓடு காலம் முடிந்தது.

எத்தனை அட்டைகள் யாழ்நூலுக்குள் ஒளிந்திருக்கின்றன! வில்யாழ், பேரியாழ், மகரயாழ், சகோடயாழ் என்று வகைக்கு ஒன்று போடலாம். யாழின் உறுப்புகளுக்கென்றே ஓர் இயல் இருக்கிறது. அடியில் பத்தர், அதன்மேல் இறுக்கிக் கட்டிய தோல், வளைந்தெழும் மருப்பு, அதில் வரிசையாய்ச் சுற்றிய திவவு. ஒவ்வொன்றையும் தனித்தனியே வரைந்து பார்த்தால், அடிகள் எவ்வளவு நுணுக்கமாக ஒரு கருவியை மீட்டெடுத்தார் என்பது கைக்கே தெரியும். ஒன்றில் மட்டும் கவனம்: பிற்காலப் பதிப்பில் வேறொருவர் எழுதிய முன்னுரையும், புதிதாக வரைந்த அட்டைப்படமும் அவரவருக்குச் சொந்தம்.

வெளிநாட்டில் நடந்ததைக் கேளுங்கள். டிஜிட்டல் நாணயத்தால் பணம் திரட்டிய ஸ்பைஸ் டாவோ என்ற குழுவுக்காக, இயக்குநர் ஹொடரோவ்ஸ்கி எடுக்க நினைத்து நின்றுபோன 'டூன்' படத்தின் தயாரிப்புப் புத்தகம் ஒன்று 2021 நவம்பரில் ஏலத்தில் வாங்கப்பட்டது. விலை 26.6 லட்சம் யூரோ! பிரதி கைக்கு வந்தது, பதிப்புரிமை வரவில்லை. நமக்கோ ஒரு சதமும் செலவில்லாமல் யாழ்நூலே கிடைத்திருக்கிறது.

சரி, நம் வாவியின் பாடும் மீன்? கல்லடிப் பாலத்தடியில் கேட்கும் அந்த ஒலிக்கு ஆசிரியர் கிடையாது. ஆனால் ஒருவர் அதைப் பதிந்து வெளியிட்டால் அந்த ஒலிப்பதிவுக்கு 50 ஆண்டுப் பாதுகாப்பு உண்டு. ஆகவே இன்னொருவரின் பதிவை வெட்டி ஒட்டாதீர்கள். நிலாக் காலத்தில் தோணியில் போய், துடுப்பைத் தண்ணீரில் இறக்கி, அதன் மறுநுனியில் காதை வைத்து நீங்களே பதியுங்கள். அது உங்கள் பதிவு!

இன்று எழுதிக்கொண்டிருப்பவர்களின் படைப்பு என்றால் கதை வேறு. விமர்சனம், கற்பித்தல், ஆய்வு போன்றவற்றுக்கு நியாயமான பாவனையை அதே சட்டத்தின் 11ஆம் பிரிவு அனுமதிக்கிறது. வியாபார நோக்கமா, எவ்வளவு எடுத்தீர்கள், மூலத்தின் சந்தை கெடுமா என்றெல்லாம் அது பார்க்கும். விற்கிற அட்டைக்கு அதை நம்பி இறங்க வேண்டாம். எழுத்தாளரிடம் நேரே கேளுங்கள். 2005இல் தொடங்கிய 'நூலகம்' எண்ணிம நூலகமும் அனுமதி கேட்டுக் கேட்டுத்தான் வளர்ந்தது.

என்னை வியக்க வைத்தது அந்தச் சட்டத்தின் 24ஆம் பிரிவு. வடமோடி, தென்மோடிக் கூத்து போன்ற நாட்டார் கலை வெளிப்பாடுகளையும் அது காக்கிறது. வியாபாரத்துக்காகவோ மரபுச் சூழலுக்கு வெளியிலோ எடுத்தாள்வதென்றால் உரிய அதிகாரியின் அனுமதி தேவை. அதற்கும் முன்னால், கூத்துக் களரிக்குப் போய், கூத்தைப் பழக்கும் அண்ணாவியாரைக் கேட்பதே முறை என்பேன். எந்த அரசனுக்கு எந்த முடி, எந்த உடுப்பு என்று அவர் சொல்லச் சொல்ல உங்கள் அட்டைகளும் திருத்தமாகும்.