எழுத்தாளர் மும்பைக்கு ஏன் வருவதில்லை?

சென்னைப் புத்தகக் காட்சியில் ஒரு நாவல் வெளியாகிறது. அடுத்த சில மாதங்களுக்கு அதன் ஆசிரியர் கோவை, மதுரை, திருநெல்வேலி, ஈரோடு என்று ஊர் ஊராகப் போகிறார். பேசுகிறார், வாசகர் கேட்பதற்குப் பதில் சொல்கிறார், கையெழுத்துப் போடுகிறார். மும்பைச் செம்பூரில் உட்கார்ந்து ஃபேஸ்புக்கில் அந்தப் படங்களைப் பார்ப்பவருக்குச் சின்னதாக ஒரு மனத்தாங்கல். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மகாராஷ்டிரத்தில் தமிழைத் தாய்மொழி என்று பதிந்தவர்கள் சுமார் 5 லட்சம் பேர். அவர்களில் பெரும்பகுதி மும்பையிலும் அதன் சுற்றுப்புறத்திலும்தான். தாராவி இருக்கிறது, மாட்டுங்கா இருக்கிறது, சயானில் தமிழ்ச் சங்கமே இருக்கிறது. பிறகு ஏன் இந்த ஊரை மட்டும் தாண்டிப் போகிறார்கள்?

“அங்கே யார் சார் புத்தகம் வாங்குகிறார்கள்?” என்பது சுலபமான பதில். சரியான பதிலுக்கு, எழுத்தாளரின் பயணம் என்ற இயந்திரத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். அதில் நான்கு பாகங்கள். அழைத்துச் செலவை ஏற்பவர், கூட்டம் கூடுவதற்கு ஓர் இடம், போகிற வழியிலேயே அடுத்தடுத்த ஊர்கள், கடைசியில் மேசை போட்டுப் பில் போடுகிற ஆள். ஒரு பாகம் குறைந்தாலும் வண்டி நகராது.

தமிழ்நாட்டில் இந்த நான்கையும் ஒரே இடத்தில் சேர்த்து வைத்திருப்பது புத்தகத் திருவிழா. 1977இல் தொடங்கிய சென்னைப் புத்தகக் காட்சி, 2005இல் மக்கள் சிந்தனைப் பேரவை தொடங்கிய ஈரோடு புத்தகத் திருவிழா என்று வளர்ந்து, 2022க்குப் பிறகு எல்லா மாவட்டங்களுக்கும் அரசு ஆதரவோடு பரவிவிட்டது. பத்து நாள் பந்தல், மாலையில் மேடை, பக்கத்திலேயே பதிப்பகத்தின் ஸ்டால். பேச்சாளரின் போக்குவரத்தை விழாக் குழு பார்த்துக்கொள்கிறது. கோயில் கொடை நாளைக் கணக்குப் பண்ணி ஊர் ஊராக ராட்டினம் தூக்கிப் போகிறவர்களைப் போல, பதிப்பாளர்களும் இந்த நாட்காட்டியைப் பார்த்துத்தான் புத்தக மூட்டை கட்டுகிறார்கள். எழுத்தாளர் அந்த மூட்டைக்குப் பின்னால் போகிறார். மும்பை அந்த நாட்காட்டியில் இல்லை.

இல்லாத ஊருக்குத் தனியாக ஒரு நடை போனால் என்ன ஆகும்? உதாரணத்துக்கு ஒரு கணக்கு. 300 ரூபாய் நாவல். கூட்டத்தில் வழக்கமான 10 சதவீதத் தள்ளுபடி போனால் கைக்கு வருவது 270. அச்சுக்கூலிக்கு 90, ஆசிரியரின் ராயல்டி 30 என்று வைத்துக்கொண்டால் மிஞ்சுவது 150. சென்னையிலிருந்து விமானத்தில் போய்வர, ஓர் இரவு தங்க, டாக்ஸிக்கு என்று 15,000 ரூபாய் ஆகிறது என்போம். போட்ட காசை எடுக்கவே 100 பிரதி விற்க வேண்டும். அறுபது பேர் வந்த கூட்டத்தில் பதினைந்து பேர் வாங்கினாலே நல்ல விற்பனைதான், ஆனால் அதில் வருவது 2,250 ரூபாய். மீதியை யார் கொடுப்பது? ஐந்நூறு, ஆயிரம் பிரதி அச்சடிக்கிற பதிப்பகத்தால் முடியாது. எழுத்தாளர் கைக்காசு போட்டால்தான் உண்டு.

சரி, நூறு பேர் வாங்கத் தயார் என்றே வைத்துக்கொள்வோம். நூறு பிரதி எப்படி வந்து சேரும்? முந்நூறு பக்க நாவல் ஒன்று கிட்டத்தட்ட 375 கிராம். உள்நாட்டு விமானத்தில் சாதாரணமாக இலவசமாக அனுமதிக்கும் 15 கிலோவுக்குள் நாற்பது புத்தகம்தான் அடங்கும், அதுவும் மாற்று வேட்டி சட்டை இல்லாமல். தபாலில் முன்கூட்டியே அனுப்பலாம். அஞ்சல் துறை 2025 மே முதல் நடத்தும் ‘ஞான் போஸ்ட்’ சேவையில் 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோவுக்கு 100 ரூபாய், வரி தனி. கட்டணம் கட்டுப்படியாகும். ஆனால் பார்சலை யார் பெயருக்கு அனுப்புவது, விற்காமல் ஏதாவது மிஞ்சினால் அதை யார் கட்டித் திருப்பி அனுப்புவது? உள்ளூரில் ஒரு கடை இருந்தால் இந்தக் கேள்வியே எழாது. மிஞ்சியதைக் கடைக்காரர் அலமாரியில் வைத்து ஆறு மாதத்தில் விற்றுவிடுவார்.

மும்பையில் கழன்று கிடக்கும் பாகம் இதுதான். மாட்டுங்கா நிலையத்துக்குக் கிழக்கே இறங்கினால் வாழையிலை, வெற்றிலை, தொடுத்த மல்லிகை, ஃபில்டர் காபிப் பொடி எல்லாம் கிடைக்கும். பஞ்சாங்கம், ஸ்லோகப் புத்தகத்துக்கும் பஞ்சமில்லை. கிங்ஸ் சர்க்கிள் நடைபாதையில் பழைய புத்தகக் கடைகள் பெயர்பெற்றவை. ஆனால் இந்த ஆண்டு வந்த தமிழ் நாவல் வேண்டும் என்றால் சென்னைக்குச் சொல்லி வரவழைப்பதுதான் வழி.

இதே நகரம் ஆங்கிலப் புத்தகத்துக்கு எப்படி இருக்கிறது என்று பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். ஆங்கிலப் பதிப்பகம் ஒரு பயணம் போட்டால் டெல்லி, மும்பை, பெங்களூரு பெரும்பாலும் முதலில் வந்துவிடும். ஃபோர்ட்டில் கிதாப் கானா, கெம்ப்ஸ் கார்னரில் கிராஸ்வேர்ட், என்.சி.பி.ஏ.யில் இலக்கிய விழா என்று இடமும் கடையும் தயார். அந்தப் பயணத்தில் சென்னைக்குத்தான் சில சமயம் முறை வராமல் போகும். ஆக, ஓர் ஊர் விடுபடுவது அந்த ஊரின் குணத்தால் வருவதில்லை. எந்த மொழியின் கடைச் சங்கிலி அந்த ஊர்வரை வருகிறது என்பதைப் பொறுத்தது.

எழுத்தாளர் தங்கள் ஊருக்கு வரவில்லை என்ற வருத்தம் புதிதும் இல்லை. 1867 டிசம்பரில் சார்லஸ் டிக்கன்ஸ் அமெரிக்காவில் தன் கதைகளை மேடையில் வாசிக்கத் தொடங்கினார். ஏப்ரலுக்குள் 76 வாசிப்புகள். பாஸ்டனிலும் நியூயார்க்கிலும் டிக்கெட்டுக்கு அடிதடி. மேற்கே சிகாகோவும் ஆவலோடு காத்திருந்தது. கடுங்குளிர், நீண்ட ரயில் பயணம், விடாத சளி எல்லாம் சேர்ந்து டிக்கன்ஸ் அந்தப் பக்கமே போகவில்லை. போகாவிட்டால் அந்த ஊர்க்காரர்களுக்கு வலிப்பே வந்துவிடும் என்று ஒருவர் எச்சரித்தபோது, எனக்கு வருவதைவிட அவர்களுக்கே வரட்டும் என்ற பொருளில் பதில் சொன்னாராம். சிகாகோ பத்திரிகைகள் கடுமையாகக் கோபித்துக்கொண்டன.

அந்தப் பயணத்தில் நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. வெளிநாட்டு எழுத்தாளருக்கு அமெரிக்கா காப்புரிமை கொடுத்தது 1891இல்தான். அதனால் அங்கே விற்ற டிக்கன்ஸ் நாவல்கள் பெரும்பாலும் அவருக்குச் சேர வேண்டியதைத் தரவில்லை. அவர் சம்பாதித்தது குரலால், டிக்கெட் விற்று.

மும்பைத் தமிழருக்கும் குரல்தான் வந்து சேர்கிறது. பொங்கல் விழா, முத்தமிழ் விழா, பட்டிமன்றம் என்று சங்கங்கள் பேச்சாளர்களை அழைக்கின்றன. டிக்கெட் போட்டு, சால்வை போர்த்தி, சன்மானமும் தருகிறார்கள். அரங்கம் நிறைகிறது. இதற்கு ஒரு காரணம் தலைமுறை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தாராவிக்குத் தோல் பதனிட வந்தவர்களின் பேரப்பிள்ளைகளும், மாட்டுங்காவுக்கு அலுவலக வேலைக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகளும் வீட்டில் தமிழ் பேசுவார்கள், படித்தது இந்தியும் மராத்தியும் ஆங்கிலமும். பேச்சைக் கேட்டுச் சிரிக்க முடிகிறவர்களில் பலருக்கு நானூறு பக்க நாவலைப் படிக்க முடியாது.

கிழமையும் ஒரு சிக்கல். வார நாளில் வேலை முடிந்து ரயிலில் தொங்கிக்கொண்டு வீடு சேரவே எட்டு மணி. ஞாயிற்றுக்கிழமை கூட்டம் வைத்தால் ரயில்வேயின் மெகா பிளாக். பகல் நேரத்தில் ஹார்பர் வழித்தடம் நின்றால் செம்பூர்க்காரர் சயானுக்கு வர பஸ்ஸைத் தேட வேண்டும், வாஷியிலிருந்து வருபவர் வராமலே இருந்துவிடுவார்.

இத்தனைக்கும் இது எழுத்துக்கு வறண்ட ஊர் இல்லை. நாஞ்சில் நாடன் தன் முதல் நாவலான ‘தலைகீழ் விகிதங்க’ளை 1977இல் வெளியிட்டபோது பம்பாயில் வேலையில் இருந்தார். 2021இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற அம்பை வசிப்பது இந்த நகரத்தில். கவிஞர் புதியமாதவியும் இங்கிருந்தே எழுதுகிறார். எழுத்து இங்கிருந்து சென்னைக்குப் போகிறது, அச்சாகிறது, அதன் பிறகு திரும்பி வரத்தான் வண்டி இல்லை.

தமிழ்நாட்டுக்கு வெளியே இருந்தாலும் ஓர் ஊர் நாட்காட்டியில் ஏற முடியும் என்பதற்குப் பெங்களூரு சாட்சி. 2022 டிசம்பர் இறுதியில் அங்கே தமிழ்ச் சங்க வளாகத்தில் தமிழ்ப் புத்தகத் திருவிழா நடந்தது. சென்னையிலிருந்து ஓர் இரவுத் தொலைவு என்பது அவர்களுக்கு வசதி. மும்பை 1,280 கிலோமீட்டர், ரயிலில் கிட்டத்தட்ட ஒரு முழு நாள். அந்தத் தூரத்தைக் குறைக்க முடியாது, பங்கு போட முடியும். ஓர் எழுத்தாளருக்காக ஒரு கூட்டம் என்பதை விட்டு, நான்கைந்து பதிப்பகங்களின் புத்தகங்களை ஒரே பார்சலாக வரவழைத்து, சயானில் மூன்று நாள் கண்காட்சி வைத்து, ஆண்டுதோறும் அதே வாரம் என்று தேதியை நிலைநிறுத்தினால் செலவு பல தலையில் விழும். மிஞ்சிய பிரதிகளை மாட்டுங்காவில் ஏதாவது ஒரு கடை ஓர் அலமாரியில் வைத்துக்கொண்டால் அடுத்த ஆண்டு வரை விற்பனையும் நிற்காது.

பேச்சாளரை அழைக்கும் பழக்கமும் அரங்கும் மும்பைச் சங்கங்களிடம் ஏற்கெனவே இருக்கின்றன. “எந்தத் தேதி வருகிறீர்கள்?” என்று கேட்கும் அதே தொலைபேசியில் “எத்தனை பிரதி அனுப்புகிறீர்கள், யார் பெயருக்கு?” என்றும் கேட்டுவிட்டால், பதிப்பகம் அந்த வருடமே மும்பைக்கு ஒரு பார்சல் கட்டும்.