முதுகு வலியும் மெத்தையும்

சங்கப் பரிசோதனைக்குச் செல்லுமிடமெல்லாம் நாம் கேட்கும் முறையீடு முதுகு வலியே. குழித்தறியில் குனிந்திருப்போரும் நாற்று நடுவோரும் அதற்குக் கட்டாந்தரையே மருந்தென நம்புகின்றனர். ஸ்பெயின் நாட்டில் நாள்பட்ட இடுப்பு வலியுடைய 313 பேரிடம் நடத்தப்பெற்று 2003-ல் வெளியான ஆராய்ச்சியோ வேறு கூறிற்று: 90 நாட்களின் பின், கடின மெத்தையினரைவிட நடுத்தரக் கடின மெத்தையினரே அதிக நலம் பெற்றிருந்தனர்.

கட்டிலளவுக்கு நுரை மெத்தை வெட்டுவிக்கும் அங்கத்தினர்கள், கடினம் வேறு, அடர்த்தி வேறு என்பதை அறிதல் வேண்டும். கடினத்தைப் படுத்துப் பார்த்தே அறியலாம். பக்கவாட்டில் படுக்கையில் இடுப்பு அமிழ்ந்து முதுகெலும்பு வளையலாகாது. குழி விழாமல் நெடுநாள் உழைப்பதோ அடர்த்தியைப் பொறுத்தது. அதைத் தராசு சொல்லும். 6 அடி நீளம், 3 அடி அகலம், 4 அங்குலக் கனமுள்ள நுரை, கன மீட்டருக்கு 40 கிலோ அடர்த்தியாயின், உறை நீங்கலாகச் சுமார் 6.8 கிலோ இருக்க வேண்டும். 32 ஆயின் 5.4 கிலோ. நூற்சிப்பத்தை நிறுத்து வாங்கும் நாம் இதை மட்டும் கடைக்காரர் சொல்லுக்கு வாங்குவானேன்? (துண்டு நுரைகளை ஒட்டிச் செய்த பலகைக்கு இக்கணக்குப் பொருந்தாது, அது கனக்கும், கல்லாகவும் இருக்கும்.)

காலில் மரமரப்போ பலக்குறைவோ உள்ளவர்கள் மெத்தைக் கடைக்கு முன் டாக்டரிடம் செல்க.